யார் எழுதித் தருவார் பாயிரம்?

"அண்ணா, ஐந்நூறு லிங்க் வாங்கிட்டேன். நாலு மாசம் ஆச்சு. எங்க கம்பெனி பேரை முழுசா அடிச்சாதான் எங்க வெப்சைட் வருது. 'ரெடிமேட் ரிங்'னு அடிச்சா நாலாவது பக்கத்துலகூட இல்ல."

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், முதல் ஷிஃப்ட் விட்டு கம்பெனி பஸ்கள் வரிசையாகக் கிளம்பும் நேரம். டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்ன தம்பி, கட்டுமானக் கம்பியை அளவுக்கு வெட்டி வளைத்துக் கொடுக்கும் சிறு யூனிட் வைத்திருக்கிறார். பில்லருக்கும் பீமுக்கும் போடுகிற ரிங்குகளை மேஸ்திரி சைட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வளைத்த காலம் போய், இப்போது எண்ணிக்கை சொன்னால் கட்டுக் கட்டாக வண்டியில் வந்து இறங்குகிறதல்லவா, அந்தத் தொழில். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அப்போது வெப்சைட் திறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

சிறு தொழிற்சாலைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். காக்களூரில், திருமழிசையில், பொன்னேரிப் பக்கம், போகிற இடமெல்லாம் இதே கேள்வி வருகிறது. அன்று இரண்டு டீ முடிவதற்குள் தம்பிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

லிங்க் என்பது என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. இன்னொருவருடைய வெப்சைட்டில் உங்கள் பெயர் இருக்கிறது. அதைத் தொட்டால் உங்கள் வெப்சைட் திறக்கிறது. அதுதான் உங்களுக்கு வந்த பேக்லிங்க். உங்கள் பக்கத்திலிருந்து நீங்கள் வெளியே கொடுப்பது வேறு. வெளியிலிருந்து உங்களை நோக்கி வருவதற்குத்தான் இந்தப் பெயர்.

அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு வந்தது? 1990களின் நடுவில் இருந்த தேடுபொறிகள், ஒரு பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதைத்தான் பெரிதாகப் பார்த்தன. 'கம்பி' என்று நூறு முறை எழுதியவர் மேலே வந்தார். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகக்கூட எழுதி வைத்தார்கள். வாசகர் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும். தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

1996-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் வேறு வழி யோசித்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட, மற்றப் பக்கங்கள் அதைப் பற்றிச் சொல்வதைக் கணக்கெடுப்போம் என்றார்கள். கல்வி உலகில் இது பழைய வழக்கம். ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964-லேயே வெளியிட்டுவிட்டார். பேஜும் பிரின்னும் அதை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் முதலில் செய்த தேடுபொறிக்கு வைத்த பெயரே 'பேக்ரப்'; பேக்லிங்க்கை வைத்துப் பிறந்த பெயர். 1998-ல் அது கூகுள் என்ற கம்பெனியானது. அந்தக் கணக்குமுறையின் பெயர் பேஜ்ரேங்க்.

தம்பியிடம் ஒரு பழைய பில்லை வாங்கி அதன் பின்புறத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். நீங்களும் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிடம்தான்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. அந்தப் பக்கம் எத்தனை பேருக்கு லிங்க் கொடுக்கிறதோ, அத்தனை பேருக்கும் அந்த மதிப்பு பங்கு பிரியும். பிரிந்த பங்கில் 85 சதவீதம்தான் போய்ச் சேரும். இணையத்தில் உலாவுகிறவர் எல்லா நேரமும் லிங்க்கைத் தொட்டுத் தொட்டே போகமாட்டார், சிலசமயம் எழுந்து வேறெங்கோ போய்விடுவார் என்பதற்காக வைத்த கழிவு அது. அந்த 0.85 என்ற எண் அவர்களுடைய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இருக்கிறது.

இப்போது, மதிப்பு 10 உள்ள ஒரு பக்கம் ஐந்து பேருக்கு லிங்க் கொடுக்கிறது. அதில் நீங்கள் ஒருவர். பத்தை ஐந்தால் வகுத்தால் 2. அதில் 85 சதவீதம், 1.7. அது உங்களுக்கு வருகிறது.

இன்னொரு பக்கம். அதன் மதிப்பு 1. அது ஆயிரம் பேருக்கு லிங்க் கொடுக்கிறது. உங்கள் பங்கு 0.001, கழிவு போக 0.00085. இப்படிப்பட்ட பக்கங்கள் ஐந்நூறில் உங்கள் பெயர் இருந்தால்? 0.425.

அதாவது, நல்ல இடத்திலிருந்து வந்த ஒரே லிங்க், அந்த ஐந்நூறும் சேர்ந்ததைப்போல் நான்கு மடங்கு. தம்பி அந்த பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எடுத்துக்கொண்ட 10, 1, 1000 எல்லாம் புரிவதற்காக வைத்த எண்கள். இன்றைய கூகுள் இதோடு இன்னும் எத்தனையோ சங்கதிகளைச் சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் சொல்பவரின் மதிப்பு முக்கியம், அவர் எத்தனை பேரைச் சொல்கிறார் என்பதும் முக்கியம் என்ற அடிப்படை இந்தக் கணக்கில் இருக்கிறது.

நமக்கு இது புதிதா என்ன? பவணந்தி முனிவர் பதிமூன்றாம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலில் பாயிரத்துக்கு இலக்கணம் சொல்கிறார். ஒரு நூலின் பெருமையைச் சொல்லும் சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் தானே எழுதிக்கொள்ளக் கூடாது. எத்தனை துறைகளில் தேர்ந்தவரானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது. அப்படியானால் யார் எழுதலாம்? நான்கு பேரைச் சொல்கிறார்: அவருடைய ஆசிரியர், அவரோடு கூடப் படித்தவர், அவருடைய மாணவர், அந்த நூலுக்குத் தகுந்த உரை எழுதுபவர். தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒரே ஆசிரியரிடம் படித்தவர் என்பது மரபு. நான்கு பேருக்கும் பொதுவானது ஒன்றுதான். அவர்கள் அந்த மனிதரை அல்லது அந்த நூலை நேரடியாக அறிந்தவர்கள். வழியில் போகிறவருக்கு அந்தத் தகுதி இல்லை.

என்னிடம் லிங்க் பற்றிக் கேட்கிற எல்லோருக்கும் இந்த நால்வரைத்தான் நான் சொல்கிறேன். அதற்குமுன், தம்பி வாங்கிய ஐந்நூறைப் பார்த்துவிடுவோம்.

விற்றவர்கள் ஓர் எக்செல் ஷீட் கொடுத்திருந்தார்கள். போனில் அதைத் திறந்து, கையில் பட்ட ஒரு பத்தைத் தொட்டுப் பார்த்தோம். மூன்று திறக்கவே இல்லை. ஒரு பக்கத்தில் செருப்பு, தனிநபர் கடன், ஜாதகப் பொருத்தம், ஆன்லைன் சூதாட்டம், நாய்க்குட்டி விற்பனை எல்லாம் ஒரே பத்தியில் இருந்தன. அதன் நடுவில் தம்பியின் கம்பெனிக்கு ஒரு லிங்க். இன்னொன்று எங்கள் இருவருக்கும் தெரியாத மொழியில் இருந்தது. திறந்த ஏழிலும் லிங்க் இருந்த இடத்தில் கம்பெனி பெயர் இல்லை. 'பெஸ்ட் ரெடிமேட் ரிங்ஸ் இன் சென்னை' என்ற ஒரே வாசகம், எழுத்து மாறாமல். உங்களை உண்மையில் அறிந்த பத்துப் பேர் உங்களைப் பற்றிப் பேசினால் ஒருவர் கம்பெனி பெயரைச் சொல்வார், ஒருவர் 'கும்மிடிப்பூண்டியில கம்பி வளைக்கிறவங்க' என்பார், ஒருவர் 'இங்கே வாங்கினோம்' என்பார். பத்துப் பேரும் ஒரே வாசகத்தை ஒப்பித்தால் டீக்கடைக்காரருக்கே சந்தேகம் வரும், இயந்திரத்துக்கு வராதா?

அந்த ஷீட்டில் 'டிஏ 50' 'டிஏ 60' என்று ஒரு பத்தி இருந்தது. லிங்க் விற்பவர்கள் எல்லோரும் இந்த எண்ணைத்தான் காட்டி விலை சொல்கிறார்கள். இது கூகுளின் எண் இல்லை. மோஸ் என்ற தனியார் கம்பெனி நூறு மதிப்பெண்ணுக்குத் தானாகப் போட்டுக் கொடுக்கும் மதிப்பீடு. கூகுள் தன் வரிசையில் அதைப் பயன்படுத்துவதில்லை. இந்த ஒரு வரியை மட்டும் தெரிந்துகொண்டிருந்தால் நம் பக்கத்துச் சிறு முதலாளிகள் எத்தனையோ பேரின் காசு மிஞ்சியிருக்கும். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

காசு கொடுத்து லிங்க் வாங்குவதை கூகுள் விதிமீறல் என்றே சொல்லியிருக்கிறது. பெரிய கம்பெனி என்றால் தப்பிவிடலாம் என்பதும் இல்லை. அமெரிக்காவில் ஜேசி பென்னி என்ற பழைய, பெரிய கடை நிறுவனம். 2010-ன் பண்டிகைக் காலம் முழுக்க, உடை, படுக்கை விரிப்பு, அறைக்கலன் என்று எதைத் தேடினாலும் அதுதான் முதலில் வந்தது. சாம்சோனைட் பெட்டி என்று தேடினால், அந்தப் பெட்டியைச் செய்கிற கம்பெனிக்கும் மேலே இந்தக் கடை. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் காரணத்தைத் தோண்டியபோது, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தக் கடைக்கு லிங்க்குகள் நட்டு வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2011 பிப்ரவரியில் கூகுள் கைவைத்தது. ஒரு மாலை ஏழு மணிக்கு அந்தப் பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த கடை, இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நிறுவனம் சொன்னது. தேடல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆலோசனை நிறுவனத்தை நீக்கியது.

அடுத்த ஆண்டு, 2012 ஏப்ரலில், கூகுள் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து இப்படிப்பட்ட வெப்சைட்களை மொத்தமாகக் கீழே தள்ளியது. 2016-லிருந்து முறை கொஞ்சம் மாறியிருக்கிறது. பொய் லிங்க்குகளைப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. தம்பிக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அவர் கீழே விழவில்லை. ஐந்நூறும் இல்லாததுபோல இருந்த இடத்திலேயே இருக்கிறார். 'அதையெல்லாம் அழிக்கணுமா?' என்று பயந்து கேட்டார். சர்ச் கன்சோல் என்று கூகுளின் இலவசக் கருவி ஒன்று இருக்கிறது. அதில் 'மேனுவல் ஆக்‌ஷன்' என்ற பகுதியில் எச்சரிக்கை எதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்றேன். இல்லை. விட்டுவிட்டோம்.

இனி நால்வர்.

ஆசிரியர் என்றால், தொழிலில் உங்களுக்கு மேலே இருப்பவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி கம்பி வாங்குவது இதே வட்டாரத்து ரோலிங் மில் ஒன்றில். மில்லின் வெப்சைட்டில் டீலர்கள், அங்கீகரிக்கப்பட்ட வெட்டி வளைக்கும் யூனிட்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தம்பியின் பெயர் அதில் இல்லை. ஏன் இல்லை என்றால், அவர் கேட்கவில்லை. ஒன்பது வருடமாக அங்கே சரக்கு எடுக்கிறவர்.

கூடப் படித்தவர் என்பது சக தொழில்முனைவோர். தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம், கட்டுமானக்காரர் சங்கம், அம்பத்தூர் சங்கம் நடத்தும் 'அக்மி' போன்ற கண்காட்சிகளின் பங்கேற்பாளர் பட்டியல். சந்தா கட்டுகிறோம், கூட்டத்துக்குப் போகிறோம், தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வாங்கிக்கொள்கிறோம். சங்கத்தின் வெப்சைட்டில் உறுப்பினர் பட்டியலும் இருக்கும். பெரும்பாலும் அது வெறும் பெயரும் தொலைபேசி எண்ணுமாக, பிடிஎஃப் கோப்பாக, தொட்டால் எங்கும் போகாத பெயர்களாக இருக்கும். அந்தப் பெயருக்கு லிங்க் போடுவது சங்க அலுவலகத்தில் இருக்கும் ஒருவருக்கு ஐந்து நிமிட வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்' என்று ஐம்பது பேர் வட்டமாக உட்கார்ந்து மாற்றிக்கொள்வதும் விதிமீறல்தான். உண்மையாகவே வாங்கி விற்கிற உறவு இருக்கும் இடத்தில் ஒருவர் பெயரை மற்றவர் சொல்வதில் தவறில்லை. லிங்க்குக்காகவே உறவு செய்துகொள்வதுதான் தவறு.

மாணவர். இந்த மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் ஐடிஐக்களுக்கும் குறைவில்லை. கவரைப்பேட்டையில் ஒரே குழுமத்தின் கல்லூரிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. சிவில் மாணவர்கள் தொழிற்சாலை பார்க்க வருகிறார்கள், பயிற்சிக்கு வருகிறார்கள். நாக் போன்ற தரமதிப்பீடுகளுக்குக் காட்ட வேண்டியிருப்பதால் கல்லூரிகள் அதையெல்லாம் தங்கள் வெப்சைட்டில் தேதியோடு, படத்தோடு போட்டு வைக்கின்றன. தம்பியின் பட்டறைக்கு இரண்டு வருடத்துக்குமுன் நாற்பது மாணவர்கள் வந்து, கம்பி வளைக்கும் இயந்திரத்தைச் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள். கல்லூரி வெப்சைட்டில் தேடினோம். இருக்கிறது! கம்பெனி பெயரோடு, குழுப் புகைப்படத்தோடு. லிங்க் மட்டும் இல்லை. அந்தக் குழுப் புகைப்படத்தில் ஓரத்தில் தம்பியும் நிற்கிறார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல், 'எங்கள் பெயருக்கு எங்கள் முகவரியை இணைத்துவிட முடியுமா ஐயா' என்று இரண்டு வரி. அவ்வளவுதான் வேலை.

நான்காமவர் உரைகாரர். இவரைப் பெறுவதுதான் கடினம். இவரால்தான் லாபமும் அதிகம். உரைகாரர் உங்களை நேரில் அறிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கத்தில் இருக்கும் சரக்கை எடுத்து மற்றவர்களுக்கு விளக்குகிறவர். அவருக்கு எடுக்க ஏதாவது இருக்க வேண்டுமே! தம்பியின் வெப்சைட்டில் அப்போது இருந்தது நான்கு பக்கம்: முகப்பு, எங்களைப் பற்றி, தயாரிப்புகள், தொடர்புக்கு. 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று ஒரு வரி. இதை யார் எதற்காக மற்றவருக்குக் காட்டப் போகிறார்கள்?

"உங்ககிட்ட போன்ல அதிகமா கேக்கறது என்ன?" என்றேன்.

"வெயிட்டுதான். 12 எம்எம் ஒரு லென்த் எவ்ளோ கிலோ வரும், வண்டியில வந்தது சரியா இருக்கான்னு. வீடு கட்டறவங்க தினம் கேப்பாங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"டி ஸ்கொயர் பை 162."

அதைத்தான் எழுதச் சொன்னேன். கம்பித் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் மனப்பாடமான கணக்கு; வீடு கட்டும் ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ தெரியாது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க, 0.889 கிலோ. ஒரு முழு நீளம் 12 மீட்டர். ஆக சுமார் 10.67 கிலோ. அந்த 162 எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதச் சொன்னேன். எஃகு ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ. வட்டத்தின் பரப்பை அதனால் பெருக்கி, மில்லிமீட்டரை மீட்டராக மாற்றினால் 162 தானாக வந்து நிற்கும். பிறகு, இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1786 எவ்வளவு கூடலாம் குறையலாம் என்கிறது என்பது: 10 மி.மீ. வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5 சதவீதம், அதற்கும் மேல் 3 சதவீதம், மொத்தச் சரக்குக்கு. அதன்படி உங்கள் 12 மி.மீ. கம்பிகளின் சராசரி, நீளம் ஒன்றுக்கு ஏறத்தாழ 10.1 கிலோவிலிருந்து 11.2 கிலோவுக்குள் நிற்க வேண்டும். தராசு வைத்துப் பார்த்துவிடலாம்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு புகைப்படம் வேண்டியிருந்தது. மறுநாள் பட்டறையில் ஒரு 12 மி.மீ. கம்பியைச் சரியாக ஒரு மீட்டருக்கு வெட்டி, மின்தராசில் வைத்தார். 0.872 என்று காட்டியது. அதையே படம் எடுத்துப் போட்டார், 0.889 வரும்வரை வேறு கம்பி தேடவில்லை. 'இது ஏன் சரிதான்' என்று கீழே இரண்டு வரி எழுதினார். அந்த இரண்டு வரியை நான் மிகவும் மதிக்கிறேன். வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் எடுக்க முடியாத ஒன்று அது. அவர் பட்டறை, அவர் தராசு, அன்றைக்கு வந்த எண். ரிங்கின் கொக்கியை ஏன் 90 டிகிரியில் விடாமல் 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும், நிலம் அதிரும்போது திறந்துகொள்ளும் ரிங் எப்படிப் பில்லரைக் கைவிடும் என்பதைப் படம் போட்டு விளக்குவது அடுத்த பக்கம். இப்போது ஒரு சிவில் பேராசிரியரோ, வீடு கட்டுவதைப் பற்றித் தமிழில் எழுதுகிற ஒருவரோ காட்டுவதற்குத் தம்பியிடம் சரக்கு இருக்கிறது.

நன்னூல் இன்னொன்றும் சொல்கிறது. தன்னைப் புகழ்வது தகாது என்று சொன்ன அதே பவணந்தி, நான்கு இடங்களில் புலவர் தன்னைப் புகழலாம் என்று விலக்கும் தருகிறார். அரசனுக்கு ஓலை அனுப்பும்போது. தன் திறமை தெரியாதவர் நடுவில். சபையில் வாதம் வெல்ல வேண்டியபோது. எதிராளி தன்னைப் பழித்தபோது. இந்தக் கடைசி விலக்குக்குச் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2011 டிசம்பரில், அப்போது சின்ன மென்பொருள் நிறுவனமாக இருந்த ஃபிரெஷ்டெஸ்க்கை, பெரிய போட்டி நிறுவனத்தின் தலைவர் அப்பட்டமான காப்பி என்று பொதுவெளியில் பழித்தார். நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் அதற்காகவே தனியாக ஒரு வெப்சைட் திறந்து, யார் என்ன சொன்னார்கள், உண்மை என்ன என்று வரிசையாக எடுத்துவைத்தார். தொழில்நுட்பக்காரர்கள் கூடும் ஹேக்கர் நியூஸில் அது மேலே ஏறியது. உலகம் முழுக்க ஆட்கள் படித்தார்கள், பேசினார்கள், லிங்க் கொடுத்தார்கள். சென்னையில் இப்படி ஒரு கம்பெனி இருப்பதே அதுவரை தெரியாதவர்கள் அவர்கள். அந்த லிங்க்குகள் எதற்கும் அவர் காசு கொடுக்கவில்லை. படிக்கத் தகுந்த ஒன்றை எழுதினார். பின்னாளில் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021-ல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது.

எல்லா லிங்க்கும் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2005-ல் தேடுபொறிகள் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற குறியைக் கொண்டுவந்தன. லிங்க்கின் உள்ளே அந்தக் குறி இருந்தால், 'இதை என் சிபாரிசாக எடுத்துக்கொள்ளாதே' என்று அர்த்தம். விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகள் 2007 முதல் அப்படித்தான் இருக்கின்றன. ஆகவே அங்கே போய் உங்கள் கம்பெனியைச் செருகுவதால் பயனில்லை, அந்தத் தன்னார்வலர்களுக்கு அழிக்கும் வேலைதான் மிச்சம். பத்திரிகையில் காசு கொடுத்து விளம்பரக் கட்டுரை போட்டால் அந்த லிங்க்கில் விளம்பரம் என்ற குறி இருக்க வேண்டும். 2019 முதல் அதற்குத் தனிக் குறியே உண்டு. விளம்பரம் செய்யுங்கள், வாடிக்கையாளர் வருவார். அதைச் சிபாரிசு என்று காட்டாதீர்கள்.

தம்பி கேட்காமல் விட்ட ஒன்றை நானே சொன்னேன். அவருடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பொன்னேரி, மீஞ்சூர், ரெட்ஹில்ஸ், ஊத்துக்கோட்டை, எல்லை தாண்டித் தடா, சூலூர்ப்பேட்டை. லாரி போய்வரும் தூரம். இவர்கள் தேடும்போது முதலில் வருவது கூகுள் மேப்பும் அதன்கீழ் மூன்று கடைகளும். அந்த வரிசையை சம்பந்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றை வைத்துத் தீர்மானிப்பதாக கூகுளே சொல்கிறது. அங்கே பதிவு செய்வது இலவசம். தம்பியின் பதிவில் ஊர்ப் பெயர் ஒரு மாதிரி, வெப்சைட்டில் வேறு மாதிரி, ஜிஎஸ்டி பில்லில் மூன்றாவது மாதிரி. நம் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'பூண்டி'க்கு இரண்டு 'ஓ' போடுகிறவர்கள் உண்டு, ரயில்வேயைப்போல 'யு' போடுகிறவர்களும் உண்டு. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். பெயரும் முகவரியும் போன் எண்ணும் எங்கும் ஒன்றாக இருந்தால்தான் இது ஒரே கம்பெனி என்று இயந்திரத்துக்குத் தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகு, லிங்க் ஒன்றே எல்லாம் என்றும் நினைத்துவிட வேண்டாம். முதல் மூன்று காரணிகளில் லிங்க் வெகுகாலமாகவே இல்லை என்று கூகுளின் கேரி இல்யேஸ் 2023-ல் சொன்னார். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு முதலிடம். ஆனால் யாரும் அறியாத புதிய வெப்சைட்டுக்கு, கூகுளின் இயந்திரம் உள்ளே வருவதற்கே வேறொரு பக்கத்திலிருந்து ஒரு பாதை உதவும். அந்த அளவில் நல்ல லிங்க் இன்றும் வேண்டும். பத்து போதும். ஐந்நூறு வேண்டாம்.

அன்று பேசி ஐந்து மாதம் ஆகிறது. மில்காரர்கள் மறுவாரமே பெயரைச் சேர்த்துவிட்டார்கள். கல்லூரியில் இரண்டாவது மின்னஞ்சலுக்குப் பிறகு லிங்க் வந்தது. கம்பி எடைப் பக்கத்தை, வீடு கட்டுவது பற்றித் தமிழில் எழுதும் இரண்டு பேர் தாங்களாகவே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 'ரெடிமேட் ரிங் கும்மிடிப்பூண்டி' என்று தேடினால் தம்பியின் வெப்சைட் முதல் பக்கத்தில் வருகிறது. சென்னை என்று சேர்த்தால் இன்னும் இரண்டாவது பக்கம்தான். சங்கத்திலிருந்து மட்டும் பதில் இல்லை.

அதனால் இந்தப் பத்தியைப் படிக்கும் தொழிற்பேட்டைச் சங்க நிர்வாகிகளிடம், கல்லூரித் துறைத் தலைவர்களிடம், பெரிய ஆலைகளின் கொள்முதல் அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வெப்சைட்டில் சிறு யூனிட்களின் பெயர்கள் எங்காவது இருந்தால், அந்தப் பெயர்களைத் தொட்டால் திறக்கும்படி செய்து கொடுங்கள். உங்களுக்கு ஒரு மதிய வேலை. எட்டுப் பேர் வேலை செய்கிற ஒரு பட்டறைக்கு அது பாயிரம்.